நாம் எதிர்க்கும் காரியத்துக்குப் பணம் தரும் நிறுவனம்: அதன் பொருளை வாங்கினால் பாவமா?

2012 ஜனவரியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சட்டமன்றத்தில் ஒருபால் திருமண மசோதா விவாதத்தில் இருந்தது. அந்த மாநிலத்தின் சியாட்டில் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார்பக்ஸ், மசோதாவை ஆதரிப்பதாக வெளிப்படையாக அறிவித்தது. மார்ச்சில், மசோதாவை எதிர்த்த 'நேஷனல் ஆர்கனைசேஷன் ஃபார் மேரேஜ்' என்ற அமைப்பு, ஸ்டார்பக்ஸைப் புறக்கணிக்கச் சொல்லிப் பிரச்சாரம் தொடங்கியது. கத்தோலிக்கர்களிடையே அன்று கிளம்பிய கேள்வி இன்றும் ஓயவில்லை: அந்தக் கடையில் காபி வாங்கிக் குடித்தால் பாவமா?

காபியோடு அது நிற்கவுமில்லை. செருப்பு, சோப்பு, கைப்பேசி, மென்பொருள் என்று பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. "இதை வாங்குகிறவர் கருக்கலைப்புக்குப் பணம் கொடுக்கிறார்" என்கிறது ஒரு செய்தி. "கடைக்காரர் லாபத்தை என்ன செய்தால் நமக்கென்ன" என்கிறது அதற்கு வரும் பதில். கத்தோலிக்க ஒழுக்கவியலின்படி இரண்டுமே தவறு. பிறர் செய்யும் தீமையில் நம் பங்கு எவ்வளவு என்பதைத் திருச்சபை பல நூற்றாண்டுகளாக அலசி, தெளிவான அளவுகோல்களை வைத்திருக்கிறது. அவை பெரும்பாலும் குருத்துவக் கல்லூரி வகுப்பறைக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. அதனால் சாதாரண விசுவாசி ஒன்று தேவையில்லாமல் அஞ்சுகிறார், இல்லையென்றால் அக்கறையே இல்லாமல் போய்விடுகிறார்.

முதலில் இரண்டு கேள்விகளைப் பிரிப்போம்

1. இந்தப் பொருளை வாங்குவது பாவமா?
2. வாங்காமல் இருப்பது நல்ல சாட்சியமா?

குழப்பத்தில் பெரும்பகுதி, இரண்டாவது கேள்விக்குரிய பதிலை முதல் கேள்விக்குச் சொல்வதால் வருகிறது. முதல் கேள்வி கடமை பற்றியது. இரண்டாவது, கடமைக்கு மேல் ஒருவர் தாமாக விரும்பிச் செய்யும் நன்மை பற்றியது. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாள்களிலும் புலால் விலக்குபவர் நல்லது செய்கிறார். விலக்காதவர் பாவம் செய்யவில்லை. நிறுவனங்களைப் புறக்கணிப்பதும் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். ஆனால் எப்போதும் அல்ல. எங்கே அது கடமையாகிறது என்பதற்குத்தான் அளவுகோல்கள் வேண்டும்.

கொரிந்து நகர இறைச்சிக் கடை

இந்தச் சிக்கல் கிறிஸ்தவத்தின் முதல் தலைமுறையிலேயே வந்துவிட்டது. கொரிந்தில் கோயில் பலிகளில் மிஞ்சிய இறைச்சி சந்தைக்கு விற்பனைக்கு வந்தது. அதை வாங்கினால் பணம் சிலை வழிபாட்டு அமைப்புக்குப் போகும். அதைத் தின்பதும் வழிபாட்டில் பங்கெடுப்பதாகாதா என்று மனச்சான்று உறுத்தியது. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 8, 10 அதிகாரங்களில் நான்கு சூழல்களைத் தனித்தனியாக எடுத்துத் தீர்ப்புச் சொல்கிறார்.

1. கடையில் விற்பதை வாங்கி உண்ணலாம். மனச்சான்றை முன்னிட்டுத் துருவித் துருவி விசாரிக்க வேண்டியதில்லை (10:25).
2. நம்பிக்கை கொள்ளாத ஒருவர் விருந்துக்கு அழைத்தால், பரிமாறுவதைக் கேள்வி கேட்காமல் உண்ணலாம் (10:27).
3. "இது சிலைக்குப் படைத்தது" என்று அங்கே ஒருவர் சுட்டிக்காட்டினால் உண்ண வேண்டாம். காரணம் இறைச்சி அல்ல, சொன்னவரின் மனச்சான்று (10:28-29).
4. சிலையின் கோயிலிலேயே பந்தியில் அமர்ந்து உண்பது கூடாது (8:10, 10:20-21).

பின்னாளில் ஒழுக்கவியலார் நுணுக்கமாக வகுத்தவை எல்லாம் இந்த நான்கில் விதையாக இருக்கின்றன. இறைச்சி ஒன்றுதான். உண்பவரின் நோக்கம், வழிபாட்டோடு அவருக்கிருக்கும் நெருக்கம், பார்ப்பவருக்கு அது என்ன பொருள்படும் என்பவை மாறும்போது தீர்ப்பும் மாறுகிறது.

புனித தாமஸ் அக்குவினாஸ் இதே தடத்தில் இன்னொரு வழக்கை எடுத்தார். வட்டி வாங்குவது பாவம் என்று திருச்சபை கற்பித்த காலம் அது. வட்டிக்காரரிடம் கடன் வாங்குபவரும் பாவியா? வட்டிக்குக் கொடுக்கும்படி ஒருவரைத் தூண்டுவது தவறு. ஆனால் ஏற்கெனவே அதைத் தொழிலாக வைத்திருப்பவரிடம் தன் தேவைக்காகக் கடன் வாங்குவது தவறல்ல என்றார் அவர். பாவம் வட்டிக்காரருடையது. கடன் வாங்குபவர் அவரது பாவத்தை நல்ல தேவைக்குப் பயன்படுத்துகிறாரே தவிர, அதற்கு உடன்படவில்லை.

உடந்தையில் எத்தனை வகை

பிறர் செய்யும் தீமைக்கு உதவுவதை 18ஆம் நூற்றாண்டில் புனித அல்போன்ஸ் லிகோரி கறாராக வரையறுத்தார். அவரது ஒழுக்கவியல் நூலின் முதல் பதிப்பு 1748இல் வந்தது. 1871இல் திருச்சபை அவரை மறைவல்லுநராக, அதாவது திருச்சபை முழுமைக்குமான ஆசிரியராக, அறிவித்தது. 1950இல் ஒப்புரவு (பாவ அறிக்கை) கேட்கும் குருக்களுக்கும் ஒழுக்கவியலாருக்கும் பாதுகாவலர் ஆக்கியது. இன்று வத்திக்கான் ஆவணங்கள் கையாளும் பாகுபாடு அவர் கொடுத்ததுதான்.

*மனமொத்த உடந்தை:* மற்றவரின் தீய நோக்கத்தில் நாமும் சேர்ந்துகொள்வது. "அந்த அமைப்பு வளரட்டும்" என்று நினைத்து வாங்குவது இதில் சேரும். செயல் எவ்வளவு சிறியதானாலும், காரணம் எவ்வளவு பெரியதானாலும் இது எப்போதும் தவறு. திருத்தந்தை 2ஆம் ஜான் பால் 1995இல் வெளியிட்ட 'எவாஞ்ஜெலியும் வீத்தே' திருமடலின் 74ஆம் பத்தி இதை அழுத்திச் சொல்கிறது. ஒரு செயல் தன் இயல்பிலேயே தீமையில் நேரடிப் பங்கெடுப்பாக அமைந்துவிட்டால், "எனக்கு அந்த நோக்கமில்லை" என்று சொல்லித் தப்ப முடியாது என்பதும் அங்கேயே இருக்கிறது.

*செயலளவிலான உடந்தை:* தீமையை நாம் விரும்பவில்லை; ஆனால் நாம் செய்யும் வேறொரு செயல் எப்படியோ அதற்கு உதவிவிடுகிறது. இதில் உட்பிரிவுகள் உண்டு. தீய செயலிலேயே கை வைப்பது நேரடி உடந்தை. அதற்கு முன்னோ பின்னோ துணை நிற்பது மறைமுக உடந்தை. மறைமுக உடந்தையிலும் தீமைக்கு ஒட்டி நிற்பது அண்மை உடந்தை, பல கை மாறித் தொடுவது தொலை உடந்தை.

நேரடியாகக் கை வைப்பதை ஏறக்குறைய எதுவும் நியாயப்படுத்தாது. மறைமுக உடந்தையை, அதற்கு ஈடான காரணம் இருந்தால் ஏற்கலாம். ஈடான காரணமா என்பதைப் பின்வருவனவற்றை வைத்து எடைபோட வேண்டும்:

1. தீமை எவ்வளவு பெரியது. உயிரைப் பறிப்பதும் பொய் விளம்பரமும் ஒன்றல்ல.
2. நம் செயல் அதற்கு எவ்வளவு நெருக்கம்.
3. நாம் செய்யாவிட்டால் அது நடக்காமல் போகுமா.
4. அதைத் தடுக்கும் தனிப்பட்ட பொறுப்பு நமக்கு உண்டா. பெற்றோர், மேலாளர், மருத்துவர், அரசு அதிகாரி ஆகியோருக்கு அது கூடுதல்.
5. நம்மைப் பார்ப்பவர் தீமையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வாரா. இதைத்தான் திருச்சபை துர்மாதிரி என்கிறது. மறைக்கல்வி நூலின் 2284 முதல் 2287 வரையான எண்கள் இதைப் பேசுகின்றன.
6. அந்தப் பொருள் நமக்கு எவ்வளவு தேவை, மாற்று கிடைக்கிறதா.

இந்த ஆறையும் கூட்டிக் கழிக்க ஒரு வாய்ப்பாடு கிடையாது. அதனால்தான் நல்ல மனச்சான்றுள்ள இரண்டு கத்தோலிக்கர் ஒரே கடை பற்றி வேறுவேறு முடிவுக்கு வர முடிகிறது.

ஏணி பிடித்த வேலைக்காரர்

அளவுகோல்களை ஆளுக்கேற்ப வளைக்க முடியுமா என்றால், ஓர் எல்லைக்கு மேல் முடியாது. 1679 மார்ச்சில் திருத்தந்தை 11ஆம் இன்னொசென்ட், அளவுக்கு மீறித் தளர்ந்துபோன 65 ஒழுக்கக் கருத்துகளைக் கண்டனம் செய்தார். அவற்றில் 51ஆவது இது: எஜமான் ஒரு பெண்ணைக் கெடுக்க ஜன்னல் வழியாக ஏறுகிறான். வேலைக்காரர் தெரிந்தே தோள் கொடுக்கிறார், ஏணி தூக்கி வருகிறார், கதவைத் திறந்துவிடுகிறார். மறுத்தால் எஜமான் கோபிப்பான், வீட்டை விட்டுத் துரத்துவான். அந்த அச்சத்தால் செய்ததால் அது சாவான பாவம் அல்ல என்று சிலர் எழுதியிருந்தார்கள். திருச்சபை அதை ஏற்கவில்லை.

இந்த வழக்கை நம் காபிக் கடைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேலைக்காரருக்கு யார் ஏறுகிறார், எதற்கு ஏறுகிறார், எப்போது ஏறுகிறார் எல்லாம் தெரியும். அவர் ஏணியைப் பிடிக்காவிட்டால் அந்த இரவு அந்தத் தீமை நடக்காமல் போகலாம். பாதிக்கப்படுபவர் முகம் தெரிந்த ஒரு பெண். காபி வாங்குபவரின் நிலையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. வாங்குபவரைப் பார்த்து "நீயும் கொலைக்கு உடந்தை" என்று சொல்பவர்கள், ஏணி வழக்கின் தீர்ப்பை அதோடு தொடர்பில்லாத இடத்தில் கொண்டுபோய் வைக்கிறார்கள்.

ஆயிரம் ரூபாய் எங்கே போகிறது

ஒரு கற்பனைக் கணக்கு. ₹1,000க்குப் பொருள் வாங்குகிறீர்கள். நிறுவனத்தின் லாபம் 8 சதவீதம், அதாவது ₹80. லாபத்தில் 2 சதவீதத்தை நன்கொடையாகத் தருகிறது: ₹1.60. நன்கொடையில் 5 சதவீதம் நீங்கள் எதிர்க்கும் அமைப்புக்குப் போகிறது: 8 பைசா. மீதி ₹999.92 மூலப்பொருள், கூலி, வாடகை, வரி, பங்குதாரர், மற்ற நன்கொடைகள் என்று பிரிகிறது. அந்த 8 பைசாவும் நீங்கள் கொடுத்ததாகப் போவதில்லை. விற்ற பொருளுக்கான விலை நிறுவனத்தின் சொந்தப் பணமாகிவிடுகிறது. அதைப் பிறகு இயக்குநர் குழு தன் முடிவால் செலவிடுகிறது. உங்களுக்கும் தீமைக்கும் இடையில் இன்னொருவரின் சுதந்திரமான தீர்மானம் நிற்கிறது. தொலை உடந்தை என்று ஒழுக்கவியலார் சொல்வது இதைத்தான்.

தொகை சிறியது என்பது மட்டுமே இங்கே வாதமல்ல. ஒரு பைசாவைத் தீய நோக்கத்தோடு கொடுத்தாலும் தவறு தவறே. நோக்கம் இல்லை, நெருக்கம் இல்லை, நீங்கள் வாங்காததால் அந்த நன்கொடை நின்றுவிடப் போவதும் இல்லை என்ற மூன்றும் சேர்ந்துதான் தொகைக்கு அர்த்தம் தருகின்றன. இந்த நிலையில் வீட்டுத் தேவை, கட்டுப்படியாகும் விலை, அருகில் வேறு கடை இல்லாமை போன்ற சாதாரணக் காரணங்களே போதும். வாங்கியதை ஒப்புரவில் பாவமாக அறிக்கையிட வேண்டியதில்லை.

திருச்சபைச் சட்டம் பற்றியும் ஒரு தவறான செய்தி பரவுகிறது. கருக்கலைப்பு செய்விப்பவருக்குத் தானாக வரும் சபைநீக்கத் தண்டனை (2021இல் திருத்தப்பட்ட தொகுப்பில் 1397ஆம் விதி, 2ஆம் பிரிவு), அப்படிப்பட்ட நிறுவனத்தின் பொருளை வாங்குபவர் மீதும் விழும் என்கிறார்கள். விழாது. தண்டனைச் சட்டங்களைக் குறுக்கியே பொருள் கொள்ள வேண்டும் என்று 18ஆம் விதி கட்டளையிடுகிறது. அந்தத் தண்டனை குறிப்பிட்ட ஒரு கருக்கலைப்பை நடத்தியவர்களுக்கும், அவர்கள் உதவியில்லாமல் அது நடந்திருக்காது என்ற அளவுக்குத் துணை நின்றவர்களுக்கும் உரியது.

இதே கடையில் கோடு தாண்டும் இடங்கள்

மேலே சொன்னது சாதாரணக் கொள்முதலுக்கு. பின்வருபவை வேறு.

1. *கல்லாவில் கேட்கும் கூடுதல் தொகை.* "உங்கள் பில்லை முழு எண்ணாக்கி மீதியை இந்த அமைப்புக்குத் தரலாமா?" இது கொள்முதல் அல்ல, உங்கள் நேரடி நன்கொடை. அமைப்பு எதுவென்று பார்த்து, ஒப்பாவிட்டால் மறுத்துவிட வேண்டும். இணையக் கடைகளில் இந்தப் பெட்டி முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருக்கலாம். பணம் கட்டும் முன் பாருங்கள்.

2. *"ஒவ்வொரு பொருளுக்கும் இவ்வளவு ரூபாய்" விற்பனை.* உறையிலேயே அமைப்பின் பெயரும் தொகையும் இருக்கும். இங்கே இயக்குநர் குழுவின் தனித் தீர்மானம் இடையில் இல்லை. நீங்கள் வாங்குவதே பணத்தை நகர்த்துகிறது. நோக்கம் இல்லாவிட்டாலும் அண்மை உடந்தை. அதே பொருள் சாதாரண உறையில் கிடைக்கும்போது இதை எடுக்க நியாயமான காரணம் அரிது.

3. *நன்கொடையோடு இணைந்த கடன் அட்டை, உறுப்பினர் திட்டம்.* ஒவ்வொரு செலவிலும் ஒரு பங்கு குறிப்பிட்ட அமைப்புக்குப் போகும்படி நீங்களே ஒப்பந்தம் செய்கிறீர்கள்.

4. *முழக்கம் அச்சிட்ட சட்டை, பை, குவளை.* பணம் எங்கே போகிறது என்பதைவிட, அணிபவர் என்ன சொல்கிறார் என்பது இங்கே பெரிது. மறைக்கல்வி நூலின் 1868ஆம் எண், பிறர் பாவத்துக்கு நாம் பொறுப்பாகும் வழிகளில் புகழ்வதையும் ஒப்புதல் தருவதையும் சேர்க்கிறது.

தடுப்பூசித் தீர்ப்பு காட்டும் வழி

இந்த அளவுகோல்களை வத்திக்கான் அண்மையில் எல்லோரும் பார்க்கப் பயன்படுத்தியது கொரோனா தடுப்பூசி விஷயத்தில். இந்தியாவில் பெரும்பாலானோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டின் தயாரிப்பில் எச்.ஈ.கே.-293 என்ற செல்வரிசை பயன்பட்டது. 1973இல் நெதர்லாந்தில், கலைக்கப்பட்டதாகக் கருதப்படும் ஒரு மனிதக் கருவின் சிறுநீரகச் செல்களிலிருந்து வளர்த்தது அது. கோவாக்சினுக்குப் பயன்பட்டவை குரங்கின் சிறுநீரகச் செல்கள். பல ஊர்களில் அன்று எது கையிருப்பில் இருக்கிறதோ அதைத்தான் போட்டார்கள், தேர்ந்தெடுக்க வழியில்லை.

வத்திக்கானின் நம்பிக்கைக் கோட்பாட்டுப் பேராயம் 2020 டிசம்பர் 21இல் வெளியிட்ட குறிப்பு சொன்னது இவ்வளவு: ஒழுக்கச் சிக்கல் இல்லாத தடுப்பூசி கிடைக்காதபோது, இப்படிப்பட்ட செல்வரிசை பயன்பட்ட தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளலாம். அது செயலளவிலான, தொலைவான உடந்தை மட்டுமே. கொடிய நோய் கட்டுக்கடங்காமல் பரவும் ஆபத்து இருக்கையில் அதைத் தவிர்க்கும் கடமை கட்டாயமாகாது. போட்டுக்கொள்வதைக் கருக்கலைப்புக்கான ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மருந்து நிறுவனங்களும் அரசுகளும் சிக்கலில்லாத தடுப்பூசிகளை உருவாக்கித் தர வேண்டும். தடுப்பூசி போடுவது பொதுவாக விருப்பத்துக்குரியதே.

2005இல் வாழ்வுக்கான பாப்பிறைக் கழகமும், 2008இல் 'திக்னீத்தாஸ் பெர்சோனே' ஆவணமும் ஏறக்குறைய இதையே சொல்லியிருந்தன. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தடுப்பூசியில் தீமை பல பத்தாண்டுகளுக்கு முன் முடிந்துபோனது. நன்கொடை விவகாரத்தில் தீமை இனி நடக்கப்போவது. அதனால் பின்னதில் "இனி இப்படிச் செய்யாதே" என்று சொல்வதற்கு அதிக இடமும் அதிகப் பொறுப்பும் இருக்கின்றன. வாங்கலாம் என்ற அனுமதி, வாய்மூடி இருக்கும் அனுமதி அல்ல.

தீமை பொருளுக்குள்ளேயே இருந்தால்

கத்தோலிக்கப் புறக்கணிப்புப் பட்டியல்களில் கருக்கலைப்பும் திருமணமும் நிறைய இடம் பிடிக்கின்றன. கூலி அரிதாகவே வருகிறது. இது பெரிய குறை. 2013 ஏப்ரல் 24இல் வங்கதேசத்தில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்ட தையல் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒரு வாரம் கழித்து, மே 1 அன்று, அவர்கள் மாதம் 38 யூரோ கூலிக்கு வேலை செய்ததைச் சுட்டி, இதற்குப் பெயர் அடிமை உழைப்பு என்றார் திருத்தந்தை பிரான்சிஸ்.

இங்கே உடந்தை நெருங்கி வருகிறது. லாபத்தின் ஒரு துளி எங்கோ போவதல்ல விஷயம். சட்டையின் மலிவு விலையே அந்தக் குறைந்த கூலியால்தான் வந்தது. நாம் கொடுக்கும் விலை, அதே முறையில் இன்னொரு சட்டை தைக்கச் சொல்லும் உத்தரவாகிறது. "பொருள் வாங்குவது வெறும் பொருளாதாரச் செயல் அல்ல, எப்போதுமே ஒழுக்கச் செயலும்கூட" என்று திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2009இல் 'காரித்தாஸ் இன் வெரித்தாத்தே' திருமடலின் 66ஆம் பத்தியில் எழுதியது இந்த இடத்தில்தான் மிகக் கூர்மையாகப் பொருந்துகிறது. ஆனாலும் மலிவுச் சட்டை தவிர வேறு வாங்க வழியில்லாத குடும்பத்தின் மீது அந்தச் சுமையை ஏற்றுவது நியாயமாகாது. தேவை, மாற்று என்ற ஆறாவது அளவுகோல் இவர்களுக்காகவே இருக்கிறது.

பட்டியலை அனுப்பும் முன் சரிபார்க்க வேண்டியவை

புறக்கணிப்பில் நடக்கும் உண்மையான பாவம், அடிக்கடி எட்டாம் கட்டளைக்கு எதிரானதாக இருக்கிறது. அவசரத் தீர்ப்பும் அவதூறும் நிறுவனங்களுக்கு எதிராகவும் செய்யக் கூடியவைதான்; அவற்றின் பின்னால் வேலை செய்யும் மனிதர்கள் இருக்கிறார்கள். பட்டியல்கள் தவறுவது பெரும்பாலும் இப்படி:

1. *ஊழியரின் நன்கொடையை நிறுவனத்தின் கணக்கில் எழுதுவது.* பல அமெரிக்க நிறுவனங்களில், ஊழியர் ஒரு தொண்டு நிறுவனத்துக்குத் தரும் தொகைக்குச் சமமான தொகையை நிறுவனமும் சேர்த்துத் தரும் திட்டம் உண்டு. பதிவு பெற்ற ஏறக்குறைய எந்தத் தொண்டு அமைப்பும் அதற்குத் தகுதி பெறும். அதே திட்டத்தால் கத்தோலிக்கத் தொண்டு அமைப்புகளுக்கும் பணம் போகிறது. இது ஒரு காரியத்தை ஆதரிக்க இயக்குநர் குழு எடுத்த முடிவுக்குச் சமமல்ல.

2. *பழைய பட்டியல்.* 2015 ஜூலையில், கருக்கலைப்புச் சேவையும் தரும் அமெரிக்க அமைப்பான பிளான்ட் பேரன்ட்ஹுட்டின் தளத்தில் தங்கள் பெயர் இருப்பது அம்பலமானபோது, கோகோ கோலா, ஃபோர்டு, ஜெராக்ஸ் ஆகியவை தாங்கள் நிதி தருவதில்லை என்று கூறிப் பெயரை நீக்கச் சொன்னன. அமைப்பே வெளியிட்ட பட்டியலுக்கு இந்தக் கதி என்றால், கை மாறி வரும் பட்டியலை எப்படி நம்புவது?

3. *தாய் நிறுவனம், உரிமம் பெற்ற கடை.* பெயர்ப்பலகை ஒன்றாக இருந்தாலும், உங்கள் ஊர்க் கடை உள்ளூர் முதலாளியுடையதாக இருக்கலாம். புறக்கணிப்பின் அடி முதலில் அவர் மேலும் அவரது பணியாளர் மேலும் விழும்.

சரிபார்க்க வழி இருக்கிறது. அமெரிக்காவில் நிறுவனம் நன்கொடைக்கெனத் தனி அறக்கட்டளை வைத்திருந்தால், அது வரித்துறைக்கு ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 990-பி.எஃப். படிவத்தில் யாருக்கு எவ்வளவு தந்தது என்ற விவரம் இருக்கும், யாரும் பார்க்கலாம். இந்தியாவில் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு ₹500 கோடி, விற்றுமுதல் ₹1,000 கோடி, நிகர லாபம் ₹5 கோடி ஆகியவற்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். விவரத்தை ஆண்டறிக்கையிலும் இணையதளத்திலும் காட்ட வேண்டும். ஆண்டறிக்கையில் 'சி.எஸ்.ஆர்.' என்ற இணைப்பைத் திறந்தால் திட்டம் வாரியாகத் தொகை கிடைக்கும்.

வாங்குபவரைவிட நெருக்கத்தில் நிற்பவர்கள்

பங்குதாரர் நிலை வேறு. அவர் நிறுவனத்தின் உரிமையாளர்களில் ஒருவர். அதன் முடிவில் அவருக்கு வாக்கு உண்டு. அதனால் முதலீட்டுக்கு இறுக்கமான நெறிகள் இருக்கின்றன. அமெரிக்க ஆயர் பேரவை 2003இல் வெளியிட்ட முதலீட்டு நெறிகளை 2021 நவம்பரில் திருத்தியது. சமூக அறிவியலுக்கான பாப்பிறைக் கழகம் 2022 நவம்பரில் 'மென்சூராம் போனாம்' என்ற கையேட்டைத் தந்தது. பங்கை விற்றுவிட்டு விலகுவது ஒரு வழி. பங்கை வைத்துக்கொண்டு உள்ளிருந்து கேள்வி கேட்பது இன்னொரு வழி. 1976இல் பிரெஷியஸ் பிளட் சபை அருள்சகோதரிகள், தாங்கள் பங்கு வைத்திருந்த பிரிஸ்டல்-மயர்ஸ் நிறுவனம் ஏழை நாடுகளில் குழந்தைப் பால்மாவு விற்கும் முறை பற்றிப் பங்குதாரர்களுக்குத் தவறான தகவல் தந்ததாக வழக்குத் தொடுத்தார்கள். 1978இல் சமரசமாகி, இரு தரப்பு வாதமும் பங்குதாரர்களுக்கு அனுப்பப்பட்டது.

பங்குக் கோயில், மறைமாவட்டப் பள்ளி, கத்தோலிக்க மருத்துவமனை ஆகியவை ஒரு பொருளை வாங்கும்போது ஐந்தாவது அளவுகோலான துர்மாதிரி கனக்கிறது. ஒரு தனிமனிதர் வாங்குவதை யாரும் திருச்சபையின் நிலைப்பாடாக எடுத்துக்கொள்வதில்லை. பங்குக் கோயில் வளாகத்தில் மேசை போட்டு விற்றால் எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்கப் பெண் சாரணர் அமைப்பின் பிஸ்கட் விற்பனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கருக்கலைப்பை ஆதரிக்கும் அமைப்புகளோடு அதற்குத் தொடர்பு உண்டு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2014இல் ஆயர் பேரவையின் குழு தகவல் தொகுப்பை வெளியிட்டு, முடிவை அந்தந்த ஆயரிடம் விட்டது. 2016இல் செயின்ட் லூயிஸ் பேராயர் ராபர்ட் கார்ல்சன், மாற்று அமைப்புகளைப் பரிசீலிக்கும்படி பங்குக் கோயில்களைக் கேட்டுக்கொண்டார். 2017இல் கேன்சஸ் மாநிலத்தின் கேன்சஸ் சிட்டி பேராயர் ஜோசப் நாமன் உறவை முறித்தார். மற்ற பல மறைமாவட்டங்களில் சாரணர் குழுக்கள் தொடர்ந்தன. ஆயர்களிடையே கோட்பாட்டில் கருத்து வேறுபாடு இல்லை. சூழலை எடைபோடுவதில்தான் வேறுபாடு.

புறக்கணிக்க முடிவெடுத்தால்

மௌனமாக வேறு கடைக்குப் போவதால் உங்கள் மனம் அமைதி அடையலாம். நிறுவனத்துக்கு எதுவும் தெரியப்போவதில்லை. கடிதம் எழுதுங்கள். எந்த நன்கொடை, எந்த ஆண்டு, எந்த ஆவணத்தில் பார்த்தீர்கள், இதுவரை என்ன வாங்கி வந்தீர்கள் என்று எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு நிறுவனம், ஒரு கோரிக்கை போதும். நூறு நிறுவனங்களை ஒரே நேரத்தில் விலக்க முயல்பவர் சில வாரங்களில் சோர்ந்துபோவார். எல்லாவற்றிலும் பாவத்தைக் கண்டு தவிக்கும் இயல்புள்ளவர்கள் இந்த ஆராய்ச்சியில் இறங்காமல், தங்கள் ஆன்ம குரு சொல்வதை அப்படியே ஏற்பதே நல்லது. ஐயத்துக்குரிய சட்டம் கட்டுப்படுத்தாது என்பது ஒழுக்கவியலின் பழைய விதி.

பலன் என்ன என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். கருக்கலைப்பு மாத்திரையான ஆர்.யு.-486ஐ உருவாக்கியது ரூசெல் உக்லாஃப். அதன் தாய் நிறுவனம் ஜெர்மனியின் ஹோக்ஸ்ட். அமெரிக்காவில் அதன் ஒவ்வாமை மருந்தான அலெக்ராவைப் புறக்கணிப்போம் என்ற மிரட்டல் எழுந்தது. 1997 ஏப்ரலில் ஹோக்ஸ்ட் மாத்திரையின் உரிமைகளைக் கைவிட்டது. நிறுவனம் விலகியது, மாத்திரை நிற்கவில்லை. அமெரிக்க உரிமை 1994இலேயே வேறொரு அமைப்புக்குப் போயிருந்தது. 2000 செப்டம்பரில் அங்கே விற்பனைக்கு அனுமதியும் கிடைத்தது.

இதற்கு எதிர்மாறானது கலிபோர்னியாவின் திராட்சைப் புறக்கணிப்பு. 1965 செப்டம்பரில் லாரி இட்லியோங் தலைமையில் பிலிப்பினோ தொழிலாளர்கள் டெலானோவில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஒரு வாரத்தில் சேசர் சாவேசின் பண்ணைத் தொழிலாளர் சங்கம் சேர்ந்தது. 1966 தவக்காலத்தில் குவாதலூப்பே அன்னையின் கொடியோடு சேக்ரமென்டோவுக்கு நடந்து, உயிர்ப்பு ஞாயிறன்று சேர்ந்தார்கள். பிறகு நாடெங்கும் திராட்சை வாங்க வேண்டாம் என்ற அழைப்பு. 1970இல் ஆயர்களின் குழு இரு தரப்புக்கும் நடுவே நின்று பேசியது. ஜூலை 29இல் டெலானோ பண்ணை முதலாளிகள், தொழிலாளர் சங்கத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கேட்டது ஒன்றே: சங்கத்தோடு கூலி ஒப்பந்தம். ஒப்பந்தம் போட்ட பண்ணைகளின் பெட்டிகள் சங்கத்தின் கருங்கழுகு முத்திரையோடு சந்தைக்கு வந்தன; அவற்றை வாங்குங்கள் என்று சங்கமே சொன்னது. நீங்கள் எழுதும் கடிதத்திலும், எது மாறினால் திரும்ப வாங்குவீர்கள் என்று ஒரு வரி இருக்கட்டும்.